நடுப்புள்ளி இல்லாத நிலம்: ஃபிரெட் வில்லியம்ஸின் ஓவியப் பயணங்கள்

ஆஸ்திரேலிய ஓவியர்கள் உள்நாட்டின் வறண்ட நிலங்களுக்கும் கடற்கரைகளுக்கும் ஓவியப் பயணம் போகிறார்களே, அங்கேயே உட்கார்ந்து படத்தை முடித்துவிடுகிறார்களா, ஒரு நல்ல கேமரா இருந்தால் இவ்வளவு அலைச்சல் எதற்கு, ஒன்றுக்கொன்று எதிரான இந்த இரண்டு நிலங்களும் ஒரே ஓவியருக்கு எப்படிப் பிடிபடுகின்றன என்று கேட்டிருக்கிறீர்கள். முதல் இரண்டும் வேலைமுறை பற்றிய கேள்விகள். மூன்றாவதுதான் கடினமானது, அதற்கு விடை தேடினால் மற்ற இரண்டுக்கும் விடை தானாகக் கிடைத்துவிடும் என்பது என் எண்ணம். பொதுப்படையாகப் பேசினால் எதுவும் துலங்காது என்பதால், மெல்பர்ன் நகரத்தவரான ஃபிரெட் வில்லியம்ஸ் (1927–1982) என்ற ஓவியரை முன்வைத்தே பெரும்பாலும் எழுதுகிறேன். அவர் இரண்டு நிலங்களிலும் வேலை செய்தவர். 1963 முதல் நாட்குறிப்பும் எழுதி வந்தவர் என்பதால் எப்போது எங்கே போனார், எதைக் கொண்டு வந்தார், அதை என்ன செய்தார் என்பதெல்லாம் ஓரளவு தெளிவாகத் தெரிகிறது.

சுருக்கமாகச் சொன்னால், பெரும்பாலோர் படத்தை அங்கே முடிப்பதில்லை. அங்கிருந்து வருவது ஒரு கட்டுத் தாள்கள். பெரிய ஓவியம் வீட்டில், மாதங்கள் கழித்து, சில சமயம் ஆண்டுகள் கழித்துப் பிறக்கிறது. ஆனால் அந்தத் தாள்களை வெறும் குறிப்பு என்று நினைத்துவிடக் கூடாது. ஓவியர் எடுக்க வேண்டிய மிகக் கடினமான முடிவு அந்தத் தாளில்தான் எடுக்கப்படுகிறது. அது என்ன முடிவு என்பதைச் சொல்ல, கொஞ்சம் பின்னோக்கிப் போக வேண்டும்.

ஐரோப்பிய நிலக்காட்சி ஓவியம் பல நூற்றாண்டுகளாக ஒரு ஏற்பாட்டை நம்பி வளர்ந்தது. முன்னால் ஓரத்தில் ஒரு மரம், நடுவில் ஓர் ஆறோ பாதையோ, அது கண்ணை அழைத்துக்கொண்டு போய்ச் சேரும் இடத்தில் ஒரு கோபுரமோ பாலமோ, அதற்கும் அப்பால் நீலமாக மங்கும் மலைகள். கண் எங்கே நுழைய வேண்டும், எங்கே போய் நிற்க வேண்டும் என்பதை நிலமே சொல்லிவிடும். ஆஸ்திரேலிய உள்நாட்டில் இந்த ஏற்பாடு பொருந்துவதில்லை. ஒரே உயரமுள்ள புதர்கள் அடிவானம் வரை சிதறிக் கிடக்கும். இந்தப் புதரைவிட அந்தப் புதர் முக்கியம் என்று சொல்ல எந்தக் காரணமும் இராது. இலைகள் செங்குத்தாகத் தொங்கும் யூகலிப்டஸ் மரங்களின் கீழே அடர்ந்த நிழல் விழுவதில்லை. ஊட்டியில் அந்த மரங்களுக்கு அடியில் நடந்தவர்களுக்கு இது தெரிந்திருக்கும்; நீலகிரிக்கு அவை 1840களில் அங்கிருந்துதான் வந்தன. நிழல் இல்லாத இடத்தில் உருவங்களுக்குத் திரட்சி கிடைப்பதில்லை, எல்லாம் தட்டையாகத் தெரியும்.

தூரம் காட்டும் பழைய உத்தியும் அங்கே கைவிட்டுவிடுகிறது. ஈரக் காற்றில் தொலைவு மலைகள் வெளிறி நீலமாகும் என்பதை வைத்துத்தான் ஓவியர்கள் ஆழத்தைக் காட்டி வந்தார்கள். அடிலெய்ட் அருகே ஹான்டார்ஃப் கிராமத்தில் யூகலிப்டஸ் மரங்களை வரைந்தே நாடறிந்த பெயர் பெற்றுவிட்ட ஹான்ஸ் ஹெய்சன், ஐம்பது வயதை நெருங்கும்போது, 1926இல், முதன்முறையாக ஃபிளிண்டர்ஸ் மலைத்தொடருக்குப் போனார். காற்று அவ்வளவு வறண்டு தெளிவாக இருந்ததால் பல மைல் தள்ளியிருந்த மலையின் விளிம்பு காலடியில் கிடந்த கல்லின் விளிம்பைப் போலவே கூர்மையாகத் தெரிந்தது. மென்மையான ஒளிமூட்டத்தில் கைதேர்ந்த ஒருவருக்கு அது பெரிய அதிர்ச்சியாக இருந்திருக்க வேண்டும். அதன்பிறகு அவர் அந்த மலைகளுக்குத் திரும்பத் திரும்பப் போனார். அவருடைய மரங்களைவிட அந்தப் பாறை ஓவியங்களே இன்று எனக்குப் பெரியவையாகத் தெரிகின்றன.

வில்லியம்ஸ் இந்தச் சிக்கலுக்கு வந்து சேர்ந்த வழி வேறு. மெல்பர்னின் ரிச்மண்ட் பகுதியில் பிறந்து, அங்கே தேசிய காட்சிக்கூடத்தின் ஓவியப் பள்ளியிலும் ஜார்ஜ் பெல்லிடமும் பயின்று, 1950களின் முற்பாதியில் லண்டனுக்குப் போனார். பகலில் படங்களுக்குச் சட்டம் போடும் கடையில் வேலை. இரவில் கேளிக்கை அரங்குகளில் மலிவு இருக்கையில் உட்கார்ந்து பாடகர்களையும் கழைக்கூத்தாடிகளையும் வரைந்தார். செப்புத் தகட்டை அமிலத்தால் அரித்து அச்செடுக்கும் எட்சிங் முறையை அங்கேதான் கற்றார். அதுவரை அவர் மனித உருவங்களின் ஓவியர். 1957 தொடக்கத்தில் ஊர் திரும்பியதும், யூகலிப்டஸ் மரத்தை வரையப் போவதாக நண்பரும் ஓவியருமான ஜான் பிராக்கிடம் சொன்னார் என்றும், எல்லோரும் வரைந்து தீர்த்துவிட்டதை இனி யார் வரைய முடியும் என்று பிராக் தடுத்தார் என்றும் ஒரு செய்தி அடிக்கடி சொல்லப்படுகிறது. பிராக்கின் எச்சரிக்கையில் நியாயம் இருந்தது. அன்றைய மெல்பர்னில் யூகலிப்டஸ் ஓவியம் என்றால் வரவேற்பறைச் சுவரை அலங்கரிக்கும் சரக்கு. தீவிரமான ஓவியர்கள் அதைத் தொடக் கூசினார்கள்.

அந்த நிலம் சலிப்பூட்டுகிறது என்ற பழைய குற்றச்சாட்டை வில்லியம்ஸ் மறுக்கவில்லை. ஆமாம், சலிப்பானதுதான், கண் தங்க நடுப்புள்ளி இல்லைதான், அதனால்தான் அது எனக்கு வேண்டும் என்ற பொருளில் பேசினார். நிலத்தில் இல்லாத மையத்தை வண்ணப்பூச்சுக்குள்ளேயே கட்ட வேண்டும் என்பது அவர் வந்தடைந்த முடிவு. இதைக் கொள்கையாகச் சொல்வது எளிது. தாளில் செய்து காட்ட அவருக்கு ஐந்தாறு ஆண்டுகள் பிடித்தன.

வழி திறந்தது யூ யாங்ஸ் என்ற சிறு கருங்கல் குன்றுகளில். மெல்பர்னுக்கும் ஜீலாங்குக்கும் இடையிலுள்ள தட்டையான எரிமலைப் பாறைச் சமவெளியில் திடீரென்று எழும் குன்றுகள் அவை. மிக உயர்ந்த சிகரமே 319 மீட்டர்தான். எல்லா ஓவியர்களும் சமவெளியில் நின்று குன்றைப் பார்ப்பார்கள். வில்லியம்ஸ் 1960களின் தொடக்கத்தில் குன்றின்மேல் ஏறி நின்று சமவெளியைப் பார்த்தார். மேலிருந்து பார்க்கையில் மரங்கள் மரங்களாக இல்லாமல் மஞ்சள் கலந்த பழுப்பு நிலத்தின்மேல் சிதறிய புள்ளிகளாகவும் கொக்கிகளாகவும் சிறு கீற்றுகளாகவும் மாறின. வேலி ஒரு கோடு, அவ்வளவே. அடிவானத்தைப் படத்தின் உச்சிக்குத் தள்ளினார், பிறகு சில படங்களில் அதை நீக்கியே விட்டார். அடிவானம் போனதும் மேல், கீழ், அருகு, தொலைவு என்ற பேச்சு போய்விடுகிறது; கித்தான் முழுவதும் ஒரே நிலமாகி, எந்தப் புள்ளி எந்தப் புள்ளியிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பதே படத்தின் விஷயமாகிவிடுகிறது. இதே காட்சியை எட்சிங்கிலும் செய்தார். செப்புத் தகட்டில் ஒரு மரத்துக்கு ஒரு கீறலுக்கு மேல் செலவழிக்க முடியாது என்பதால், அந்தச் சிக்கனம் அவருடைய தூரிகைக்கும் தொற்றிக்கொண்டது என்று நினைக்கிறேன்.

இப்போது உங்கள் முதல் கேள்விக்கு வருகிறேன்: களத்தில் என்னென்ன பொருள்களோடு எப்படி வேலை நடக்கிறது? வில்லியம்ஸுக்குப் பயண ஊடகம் குவாஷ். அது ஒளிபுகாத நீர்வண்ணம். சாதாரண நீர்வண்ணத்தில் தாளின் வெண்மைதான் வெளிச்சம். ஒரு முறை மறைத்துவிட்டால் திரும்பப் பெற முடியாது. குவாஷில் வெள்ளையையும் ஒரு வண்ணமாகப் பூசலாம், அடர்ந்த சிவப்பின்மேல் வெளிர்மஞ்சள் புள்ளி வைக்கலாம், தவறினால் மூடிவிட்டு மேலே போடலாம். வறண்ட காற்றில் நிமிடங்களில் காய்ந்துவிடுவதால் முடிந்த தாள்களை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி விமானத்திலோ காரிலோ எடுத்து வரலாம். எண்ணெய் வண்ணம் நாட்கணக்கில் ஈரமாக இருக்கும். பாலைக் காற்றில் அதன்மேல் புழுதியும் மணலும் ஈக்களும் வந்து ஒட்டும். (உள்நாட்டு ஓவியங்களைப் பற்றிய கலை வரலாற்று நூல்கள் ஒளியைப் பற்றி எழுதும் அளவில் ஒரு சிறு பங்காவது ஈக்களைப் பற்றி எழுதியிருக்க வேண்டும்.) குவாஷின் குறை, அது காயும்போது நிறம் மாறுவது. வெளிர்நிறங்கள் சற்று அடர்ந்தும் அடர்நிறங்கள் சற்று வெளிறியும் போகும். ஆகவே ஓவியர் தாம் பார்க்கும் நிறத்தைப் பூசக் கூடாது, காய்ந்தபின் அந்த நிறமாக மாறப்போகும் வேறொரு நிறத்தைப் பூச வேண்டும். நண்பகல் வெயிலில் வெள்ளைத் தாள் கண்ணைக் கூசவைப்பதால் இந்தக் கணக்கு இன்னும் சிக்கலாகும்.

ஊடகத்தைத் தீர்மானிப்பது பெரும்பாலும் தூரம் என்பதையும் கவனிக்க வேண்டும். 1970களில் விக்டோரியா மாநிலத்துக்குள்ளேயே, வெரிபி பள்ளத்தாக்கு போன்ற, காரில் போய் வரக்கூடிய இடங்களில் வில்லியம்ஸ் எண்ணெய் வண்ணத்தையே வெளியில் எடுத்துச் சென்று நேரடியாக வரைந்தார். தொலைதூரப் பயணங்களில்தான் தாளும் குவாஷும். 1967இல் நியூ சவுத் வேல்ஸின் வடமேற்கு மூலையிலுள்ள டிபூபர்ரா என்ற சிற்றூருக்குப் போனபோது அவர் அப்படித்தான் வேலை செய்தார். மெல்பர்ன் சுற்றுப்புறத்தின் ஆலிவ் பச்சைக்கும் பழுப்புக்கும் பழகிய கை அங்கேதான் முதன்முதலாகச் சிவப்பு மண்ணைச் சந்தித்தது. ஆனால் அந்தச் சந்திப்பை அவர் உடனே பெரிய ஓவியங்களாக மாற்றிவிடவில்லை. அதற்கு அடுத்த ஆண்டு அவர் குடியிருந்த அப்வே பகுதியில் காட்டுத்தீ வீட்டை நெருங்கி வந்து போனது. கரிந்த நிலமும் அதில் உடனே துளிர்த்த பெரணியும் அவருடைய கவனத்தை இழுத்துக்கொண்டன. சிவப்பு மண் பன்னிரண்டு ஆண்டுகள் காத்திருந்தது.

இடையில் வந்தது கடற்கரை. உள்நாட்டையும் கடலையும் எதிரெதிர் நிலங்கள் என்கிறீர்கள். ஈரம், நிறம், வெப்பம் என்ற கணக்கில் அது சரி. ஆனால் தாளின் முன்னால் உட்கார்ந்திருப்பவருக்கு இரண்டும் ஒரே சிக்கலைத்தான் தருகின்றன. கடலிலும் நடுப்புள்ளி கிடையாது. பார்க்குமிடமெல்லாம் கிடைமட்டம்: ஒரு பட்டை வானம், ஒரு பட்டை நீர், ஒரு பட்டை மணல். உள்நாட்டிலாவது அடிவானத்தை நீக்கிவிட்டுத் தப்பிக்கலாம், ஏறி நிற்க ஒரு குன்று கிடைத்தால் போதும். கடற்கரையில் அடிவானம்தான் காட்சியே. அதை நீக்கினால் எதுவும் மிஞ்சாது, வைத்துக்கொண்டால் படத்தின் முக்கால் பங்கை வெற்று வானத்துக்குக் கொடுத்துத் தீர வேண்டும்.

1970–71 வாக்கில் போர்ட் ஃபிலிப் விரிகுடாவின் கரைகளில், குறிப்பாக அதன் வாயிலில் இருக்கும் குவீன்ஸ்கிளிஃப் என்ற ஊரில், இதற்கு வில்லியம்ஸ் கண்டுபிடித்த தீர்வு வியப்பூட்டுவது. ஒரே தாளை நீண்ட கிடைமட்டப் பட்டைகளாகப் பிரித்தார். பட்டைகளுக்கு இடையே வெற்றிடம். ஒவ்வொரு பட்டையும் தனி ஓவியம். குவீன்ஸ்கிளிஃபில் குளிப்பவர்களை வைத்து 1971இல் அவர் செய்த குவாஷ்களில் இப்படிப் பட்டைகள் ஒன்றன்கீழ் ஒன்றாக அமைகின்றன. மனிதர்கள் அவற்றில் தூரிகை நுனியால் தொட்ட சிறு வண்ணத் துளிகள். யூ யாங்ஸ் மரங்களின் அதே மொழி. கடற்கரையில் நிற்கும் ஒருவரின் கண் உள்ளே போவதில்லை, பக்கவாட்டில் ஓடுகிறது. அந்த ஓட்டத்துக்கு ஏற்ற வடிவம் நீண்ட குறுகிய பட்டைதான். ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கும்போது நேரமும் படத்துக்குள் வந்துவிடுகிறது: பார்வை நகர்ந்தது, ஒளி மாறியது, ஆட்கள் நீருக்குள் போனார்கள், மறுபடி பார்த்தேன் என்று அந்தப் பட்டைகள் பேசுகின்றன. வில்லியம்ஸின் பெருமை முழுவதும் எண்ணெய் ஓவியங்களில் இருப்பதாக எழுதுபவர்கள் இந்தத் தாள்களை இடைக்காலச் சோதனை என்று கடந்து போகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. அவர் செய்ததிலேயே மிகத் துணிவான வேலை இவைதான். ஒரு சட்டத்துக்குள் ஒரே கணம், ஒரே பார்வை என்ற நிலக்காட்சியின் அடிப்படை ஒப்பந்தத்தையே அவர் இங்கே மீறுகிறார்.

அடுத்த கடல் பயணம் 1974இல் நண்பர்களோடு போன எரித் தீவு. விக்டோரியாவுக்கும் டாஸ்மானியாவுக்கும் இடையே பாஸ் நீரிணையிலுள்ள கெண்ட் தீவுக்கூட்டத்தில் ஒன்று அது. அங்கிருந்து வந்த படங்களில் கடற்கரையை உயரத்திலிருந்து பார்க்கிறார். மணலும் நுரையும் நீரும் பட்டைகளாகவே இருக்கின்றன, ஆனால் இப்போது அவை அடிவானத்தின் பட்டைகள் அல்ல. கீழே விரிந்து கிடக்கும் தரையின் பட்டைகள். அதாவது, குன்றின்மேலிருந்து கற்ற பார்வையும் கரையில் கற்ற பட்டையும் ஒன்று சேர்ந்துவிட்டன. கடல் பயணங்கள் அவருக்கு ஓய்வுக் கால விளையாட்டு அல்ல என்று நான் சொல்வது இதனால்தான். அவை இல்லாமல் அடுத்து வந்தது வந்திருக்காது.

1977இல் அவர் குவீன்ஸ்லாந்தின் வடகோடியில், கேப் யார்க் தீபகற்பத்தின் மேற்குக் கரையிலுள்ள வெய்பாவுக்குப் போனார். அலுமினியத்தின் தாதுவான பாக்சைட் அங்கே தோண்டப்படுகிறது. அந்தக் கரையோரத்துச் சிவந்த பாறைச் சரிவுகளை மாலுமி மேத்யூ ஃபிளிண்டர்ஸ் 1802இலேயே கப்பலிலிருந்து பார்த்துக் குறித்து வைத்திருக்கிறார். உள்நாட்டின் சிவப்பும் கடலும் ஒரே தாளில் நேருக்கு நேர் மோதும் இடம் அது. அதற்கு இரண்டு ஆண்டுகள் கழித்து, 1979இல், சிஆர்ஏ என்ற பெரும் சுரங்க நிறுவனத்தின் தலைவர் ராட் கார்னெகியின் அழைப்பின்பேரில் மேற்கு ஆஸ்திரேலியாவின் பில்பரா வட்டாரத்துக்குப் பயணமானார்.

பில்பராவைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். சுமார் ஐந்து லட்சம் சதுர கிலோமீட்டர் நிலம். தமிழ்நாட்டைப் போல ஏறத்தாழ நான்கு மடங்கு. அங்குள்ள ஹாமர்ஸ்லி மலைத்தொடரின் பாறைகள் சுமார் 250 கோடி ஆண்டுகளுக்கு முன் கடலடியில் படிந்தவை. இரும்புச் சத்து மிகுந்த அடுக்கும் சிலிக்கா மிகுந்த அடுக்கும் மாறி மாறிப் படிந்து பட்டை பட்டையாக இறுகியவை. இரும்பு ஆக்சைடால் மலையே துருச்சிவப்பாக இருக்கும். அதன்மேல் ஸ்பினிஃபெக்ஸ் என்ற முள்ளான புல், பச்சையும் வைக்கோல் நிறமும் கலந்த குத்துக் குத்தான திட்டுகளாக முளைக்கும்; இடையிடையே சுண்ணாம்பு பூசினாற்போன்ற அடிமரத்தோடு வெள்ளை யூகலிப்டஸ். வெயிலைப் பற்றிச் சொல்ல ஒரு செய்தி போதும்: அங்குள்ள மார்பிள் பார் என்ற ஊரில் 1923 அக்டோபர் 31 முதல் 1924 ஏப்ரல் 7 வரை தொடர்ந்து 160 நாட்கள் வெப்பம் 37.8 டிகிரி செல்சியஸைத் தொட்டது அல்லது தாண்டியது. வில்லியம்ஸ் போனது மே மாத வாக்கில், கோடை தணிந்தபின்.

பட்டைகளால் ஆன மலை, புள்ளிகளால் ஆன புல்: இருபது ஆண்டுகளாக அவர் வேறு வேறு இடங்களில் சேர்த்து வைத்த இரண்டு உத்திகளையும் ஒரே நிலம் ஒருசேரக் கேட்டது. அந்த இடத்தைப் பார்த்தும் வரைய முடியாத ஓவியர் தொழிலை மாற்றிக்கொள்ள வேண்டியதுதான் என்ற பொருளில் அவர் எழுதி வைத்திருப்பதில் ஆச்சரியமில்லை. குவாஷ்களைச் செய்து முடித்துத் தாள்களோடு மெல்பர்ன் திரும்பினார். எண்ணெய் ஓவியங்கள் வந்தது 1981இல். ஏறத்தாழ இரண்டு ஆண்டு இடைவெளி.

இந்த இடைவெளியைத் தாமதமாகப் பார்க்கக் கூடாது. களத்தில் வரைந்த குவாஷ்களில் நிலம் இன்னும் ஓரிடமாக இருக்கிறது. அன்றைய காலை, அந்தச் சரிவு, அந்த ஓடை. எண்ணெய் ஓவியங்களில் விவரம் குறைந்து நிறம் ஏறியிருக்கிறது. மவுண்ட் நேம்லெஸ் என்று வரைபடங்களிலும், ஜார்ண்டுன்முன்ஹா என்று அம்மண்ணின் மக்களாலும் சொல்லப்படும் மலையை அவர் வெவ்வேறு பொழுதுகளில் வரைந்திருக்கிறார். அவற்றில் மலையின் உருவம் எளிமையாகிவிட, ஊதாவும் செம்மஞ்சளும் படத்தின் சுமையை ஏற்கின்றன. ‘இரும்புத் தாது நிலக்காட்சி’, ‘கராத்தா நிலக்காட்சி’ ஆகிய 1981ஆம் ஆண்டு ஓவியங்களிலும் இதே போக்கைக் காணலாம். நேரில் பார்த்ததை மறக்கும் அளவுக்குக் காலம் கடந்த பிறகு, தாளில் இருப்பதை மட்டும் நம்பி வரைந்ததால்தான் இந்தச் சுருக்கம் சாத்தியமாயிற்று என்று கருதுகிறேன். அடுத்த ஆண்டு ஏப்ரலில் நுரையீரல் புற்றுநோயால் அவர் இறந்தார், வயது 55.

இப்போது கேமரா. கேமராவை இகழ்ந்து பேசுவது ஓவியர்களிடையே ஒரு வழக்கம். உண்மை நிலவரம் அப்படி இல்லை. வறண்ட உள்நாட்டை வரைந்த மற்றோர் ஆஸ்திரேலிய ஓவியரான ரஸ்ஸல் டிரைஸ்டேல் தம் பயணங்களில் ஏராளமான புகைப்படங்கள் எடுத்தவர். 1944இல் வறட்சியைப் பதிவு செய்ய ‘சிட்னி மார்னிங் ஹெரால்ட்’ நாளிதழ் தன் நிருபரோடு அவரை மேற்கு நியூ சவுத் வேல்ஸுக்கு அனுப்பியபோது செய்த கோட்டோவியங்களிலிருந்தே அவருடைய புகழ் பெற்ற வறண்ட நில ஓவியங்கள் வளர்ந்தன. பிந்தைய பயணங்களில் கேமரா பெரும் துணை. இன்னொரு ஓவியரான சிட்னி நோலன் 1952இல் பிரிஸ்பேன் நாளிதழ் ஒன்றுக்காக வறட்சி நிலங்களைச் சுற்றியபோது, வெயிலில் உலர்ந்து விறைத்த மாடு, குதிரைகளின் உடல்களைப் புகைப்படம் எடுத்துக் குவித்து, பிறகு அவற்றைக் கொண்டு ஓவியங்கள் செய்தார்.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். டிரைஸ்டேலின் படத்தில் வெறிச்சோடிய தெருவில் ஒரு பெண் நிற்கிறாள். நோலனின் படத்தில் ஒரு மாட்டின் உடல் கிடக்கிறது. அவர்களுடைய வெட்டவெளிக்கு நடுவே ஒரு பொருள் உண்டு, கேமராவைத் திருப்ப ஒரு திசை உண்டு. வில்லியம்ஸ் எடுத்துக்கொண்ட நிலத்தில் அது கிடையாது. ஒன்றுமில்லாத வெளியைக் கேமராவால் பிடித்தால் அகன்ற நிலம் நடுவில் ஒரு மெல்லிய கோடாக ஒடுங்கி, மேலே வானமும் கீழே புழுதியும் மிஞ்சும். லென்ஸ் எல்லாப் புதர்களையும் ஒரே மாதிரி பதிவு செய்துவிடும். இந்த ஆயிரம் புதர்களுக்குப் பதிலாக நாற்பது புள்ளிகள் போதும், அவற்றில் மூன்று மட்டும் கறுப்பாக இருக்க வேண்டும் என்று அதனால் முடிவு செய்ய முடியாது. நான் மேலே கடினமான முடிவு என்று சொன்னது இதைத்தான். அந்தத் தேர்வை வீட்டுக்கு வந்து புகைப்படத்தைப் பார்த்துச் செய்யலாமே என்று கேட்கலாம். செய்பவர்கள் இருக்கிறார்கள், அவர்களுடைய படங்களில் புள்ளிகள் அழகாக அமைகின்றன, ஆனால் இடத்தின் அளவு தெரிவதில்லை. காற்றும் வெயிலும் உடலில் படும்போது, அந்த நிலத்தின் அகலம் கழுத்தைத் திருப்பும் உழைப்பாக உணரப்படும்போது, எதை விட்டுவிடலாம் என்பது விரைவாகத் தெரிந்துவிடுகிறது.

மேலிருந்து பார்த்த நிலம், புள்ளிகள் என்றதும் பலருக்கும் மத்திய ஆஸ்திரேலியப் பழங்குடி ஓவியங்கள் நினைவுக்கு வரும். ஒற்றுமை கண்ணுக்குத் தெரிவதுதான், ஆனால் அதை வைத்து அதிகம் கட்டக் கூடாது. ஆலிஸ் ஸ்பிரிங்ஸுக்கு மேற்கே பாப்புன்யா குடியிருப்பில் பலகைகளில் அக்ரிலிக் ஓவியம் தொடங்கியது 1971இல். வில்லியம்ஸின் யூ யாங்ஸ் படங்கள் அதற்கு முந்தியவை. அதைவிட முக்கியமான வேறுபாடு, வில்லியம்ஸின் புள்ளி ஒரு பார்வையின் பதிவு. பாப்புன்யா ஓவியரின் புள்ளி, அந்த நிலத்தின்மேல் அவருக்கு இருக்கும் உரிமையோடும் பொறுப்போடும் பிணைந்த அறிவின் பகுதி. ஓவியப் பயணம் என்ற எண்ணமே வெளியிலிருந்து வருபவர்களுடையது. இதற்கு நல்ல சான்று ஆல்பர்ட் நமட்ஜிரா. 1936இல் விக்டோரியாவிலிருந்து வந்த ரெக்ஸ் பாட்டர்பி என்ற ஓவியருக்கு ஒட்டகங்களோடு வழித்துணையாகச் சென்று, அதற்கு ஈடாக நீர்வண்ணம் கற்றார் மத்திய ஆஸ்திரேலியாவின் அரெர்ன்ட பழங்குடி இனத்தவரான இவர். இரண்டே ஆண்டுகளில், 1938இல், மெல்பர்னில் நடந்த அவருடைய முதல் தனிக் கண்காட்சியின் ஓவியங்கள் எல்லாம் விற்றுப்போயின. பாட்டர்பிக்குப் பயணமாக இருந்தது நமட்ஜிராவுக்கு வீடு. அவருடைய படங்களில் நடுப்புள்ளிக் குறையே இல்லை; முன்னால் நிற்கும் வெள்ளை யூகலிப்டஸ் அவருக்கு ஆயிரத்தில் ஒன்று அல்ல, குறிப்பிட்ட ஓரிடத்தின் குறிப்பிட்ட ஒரு மரம். வெற்றிடம் என்பது வந்தவர் கண்ணில்தான் இருந்தது என்பதை வில்லியம்ஸின் ரசிகனான நானும் ஒப்புக்கொண்டாக வேண்டும்.

இதோடு சேர்த்து, இந்தப் பயணங்களின் செலவை யார் ஏற்றார்கள் என்பதையும் பேசாமல் விட முடியாது. நாளிதழ்கள் டிரைஸ்டேலையும் நோலனையும் அனுப்பின. சுரங்க நிறுவனம் வில்லியம்ஸை அழைத்தது. தொலைதூரத்துக்குப் போக விமானமும் தங்குமிடமும் வேண்டும், அவை அங்கே சுரங்கங்களிடம்தான் இருந்தன. பில்பரா தொடரை ஒன்றாகச் சேர்த்து வைத்திருந்த அந்த நிறுவனத்தின் வாரிசான ரியோ டின்டோ, 2001இல் அதை மெல்பர்னிலுள்ள விக்டோரியா தேசிய காட்சிக்கூடத்துக்குக் கொடையாக வழங்கியது. அதே நிறுவனம் 2020 மே மாதத்தில், அதே பில்பராவில், 46,000 ஆண்டுகளுக்கு முன்பே மனிதர் தங்கியதற்குச் சான்றுள்ள ஜுக்கான் கணவாய்ப் பாறைக் குகைகளைச் சுரங்க விரிவாக்கத்துக்காக வெடி வைத்துத் தகர்த்தது. நாற்பது ஆண்டுகளுக்கு முந்தைய ஓவியத்தை இதற்காகக் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் அந்தச் சிவப்பை இன்று பார்க்கும் ஒருவர் இதை அறிந்தே பார்ப்பது நல்லது.

படங்களைப் பார்க்க விரும்பினால் விக்டோரியா தேசிய காட்சிக்கூடம், கான்பெராவிலுள்ள ஆஸ்திரேலிய தேசிய காட்சிக்கூடம், சிட்னியிலுள்ள நியூ சவுத் வேல்ஸ் கலைக்கூடம் ஆகிய மூன்றிலும் வில்லியம்ஸின் படைப்புகள் நிறைய உள்ளன. மூன்றின் இணையத் தளங்களிலும் தேடலாம். யூ யாங்ஸ் எட்சிங்குகளில் தொடங்கி, குவீன்ஸ்கிளிஃப் பட்டைகளுக்குப் போய், பிறகு பில்பரா குவாஷ் ஒன்றையும் எண்ணெய் ஓவியம் ஒன்றையும் அருகருகே வைத்துப் பாருங்கள். ஒரு விஷயத்தில் மட்டும் கவனம் வேண்டும்: திரையில் எல்லாம் ஒரே அளவாகத் தெரியும். குவாஷ் தாள் ஏறத்தாழ 57க்கு 76 சென்டிமீட்டர், மடியில் வைத்து வரையக்கூடியது. எண்ணெய் ஓவியங்களோ நின்றுகொண்டு கையை வீசி வரைய வேண்டிய கித்தான்கள். ஆகவே படத்தின் கீழே போட்டிருக்கும் அளவை முதலில் படித்துவிட்டு, பிறகு புள்ளிகளைப் பாருங்கள்.